திண்ணையும் அலுமினியச் சன்னலும்

வீடு என்றதும் நம் மனக்கண்முன் முதற்கண் தோன்றுவது சுவரன்று; வாசலே. சுவர் நம்மை உலகிலிருந்து பிரிக்கிறது; வாசலும் சன்னலும் மீண்டும் உலகோடு இணைக்கின்றன. ஒரு சமுதாயம் அயலாரோடு எவ்வாறு வாழ்ந்தது என்பதை அறிய அதன் கோட்டைகளை மட்டும் ஆராய்ந்தாற் போதாது. அதன் கதவுகளையும் சன்னல்களையும் ஆராய்தல் வேண்டும்.

நம் காலனியில் சில ஆண்டுகளாக ஒரு மாற்றம் நிகழ்ந்து வருவதை அன்பர்கள் யாவரும் அறிவர். துருவேறிய பழைய இரும்புச் சன்னல்கள் பெயர்க்கப்படுகின்றன. அவற்றின் இடத்தில் பக்கவாட்டில் நகரும் அலுமினியச் சன்னல்கள் அமர்கின்றன. ‘ஸ்லைடிங்’ என்று வீடுதோறும் வழங்குவது இதுவே. திறந்து கிடந்த பால்கனிகளும் இவ்வாறே கண்ணாடிக்குள் அடைபட்டு அறைகளாகி வருகின்றன. “இது நல்லதே, மழைச்சாரல் இல்லை, புறாத்தொல்லை இல்லை, பிள்ளைகள் படிக்க ஓர் அறை கிடைத்தது” என்பார் ஒரு சாரார். “வீடு பெட்டியாகி விட்டது, மூச்சு முட்டுகிறது” என்பார் மற்றொரு சாரார். சங்கத்தின் மாதக் கூட்டங்களிலும் இப்பேச்சு எழாமல் இல்லை. இவ்விரு சாராரில் யார் சொல்வது சரி என்று தீர்ப்பளிப்பது எம் நோக்கமன்று. இந்த மாற்றம் எங்கிருந்து வந்தது, எவ்வழியாக நம் வீட்டுக்குள் நுழைந்தது, வரும்போது எதைக் கொணர்ந்தது, எதைக் கொண்டு சென்றது என்பவற்றை வரலாற்று நோக்கில் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காலதரும் பலகணியும்

பழந்தமிழர் சன்னலைக் ‘காலதர்’ என்றனர். கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காற்று வரும் வழி என்பதே அதன் பொருள். சிலப்பதிகாரம் புகார் நகரத்து மாளிகைகளைப் பேசுமிடத்து மானின் கண் போன்ற வடிவுடைய காலதர்களைக் குறிப்பிடுகின்றது. ‘பலகணி’ என்பது மற்றொரு சொல். பல கண்களை உடையது என்பது அதன் பொருள். ஒரு சொல் காற்றை நினைத்தது; மற்றொரு சொல் பார்வையை நினைத்தது. சன்னலின் கடமைகள் இவ்விரண்டும் என்பதை நம் முன்னோர் சொல்லிலேயே பொதிந்து வைத்தனர். இன்று நாம் வழங்கும் ‘சன்னல்’ என்ற சொல்லோ போர்ச்சுகீசியரின் ‘ஜனேலா’ என்பதன் திரிபு. ‘சாவி’ என்ற சொல்லும் அவர்கள் தந்ததே. மராத்தியரும் சாவியை அதே பெயரால் அழைக்கின்றனர். கடல் வழியே வந்த ஒரு சொல் கீழைக்கரையிலும் மேலைக்கரையிலும் ஒருங்கே வேரூன்றிவிட்ட விந்தையை இங்குக் காண்கிறோம்.

நம் ஊர்ப்புறத்து வீடுகளை நினைவுகூர்வோம். வாசலில் இருபுறமும் திண்ணை. அதன் நடுவே நிலைக்கதவு. வாசக்கால் வைக்கும் நாளில் மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, அடியில் நவதானியமும் நாணயமும் இட்டு, உற்றாரை அழைத்து விழா எடுத்தனர். கதவு கீலில் தொங்கவில்லை. பலகையோடு சேர்த்துச் செதுக்கிய குடுமி மேலும் கீழும் குழியில் அமர்ந்து சுழன்றது. சன்னல்கள் சிறியனவே, நிமிர்ந்த மரக்கம்பிகளும் இரட்டைக் கதவுகளும் கொண்டவை. பேரொளி வேண்டும் இடத்துக்கு முற்றம் இருந்தது.

பக்கவாட்டில் நகரும் கதவு என்பது மேலைநாட்டார் நமக்குக் கற்பித்த புதுமை என்று எண்ணுவோர் உளர். அது முழு உண்மையன்று. ஜப்பானியர் மரச்சட்டத்தில் மெல்லிய காகிதம் ஒட்டிய நகரும் கதவுகளை நூற்றாண்டுக் கணக்கில் வழங்கி வந்துள்ளனர். நம் நாட்டுக் கடைத்தெருக்களில் பலகைக் கதவு இருந்ததை முதியோர் மறந்திரார். கடைவாசலின் மேலும் கீழும் மரத்தில் பள்ளம் வெட்டியிருப்பர். எண்ணிட்ட பலகைகளை ஒவ்வொன்றாக அப்பள்ளத்தில் நுழைத்து, ஓரமாகத் தள்ளி, வரிசையாக நிறுத்துவர். கடைசிப் பலகைக்கு மட்டும் பூட்டு. விடியற்காலையில் கடைப்பையன் அப்பலகைகளைக் கழற்றி அடுக்கும் ஓசையே தெரு விழித்தது என்பதற்கு அடையாளம். இன்றைய அலுமினியச் சன்னலின் ‘டிராக்’ எனப்படும் தடம், அந்தப் பள்ளத்தின் பேரப்பிள்ளை எனலாம்.

பேஷ்வா நகரத்து வாசல்கள்

இனி, நம்மை ஏற்று வாழ்வளித்த இப்புனே நகரின் வாசல்களை நோக்குவோம். சனிவார் வாடாவுக்கு முதலாம் பாஜிராவ் 1730-ஆம் ஆண்டு ஜனவரி 10-ஆம் நாள் அடிக்கல் நாட்டினார். 1732-இல் புதுமனை புகுவிழா நடந்தது. அதன் உள்மாளிகைகள் 1828-ஆம் ஆண்டுத் தீயில் அழிந்தன. எஞ்சியவை மதிலும், அடித்தளமும், ஐந்து வாயில்களுமே. வடக்கு நோக்கிய பெருவாயில் தில்லி தர்வாஜா. அதன் கதவில் யானையின் நெற்றி மட்டத்தில் கூரிய இரும்பு முட்கள் வரிசை வரிசையாகப் பதிக்கப்பட்டுள்ளன. அப்பெருங்கதவிலேயே மனிதர் குனிந்து நுழையத்தக்க சிறு கதவு ஒன்றும் உண்டு. நம் நாட்டுக் கோயில்களிலும் கோட்டைகளிலும் ‘திட்டிவாசல்’ என்று நாம் வழங்குவது இதுவே. மராத்தியர் இதனைத் ‘திண்டி தர்வாஜா’ என்பர். பெயரின் ஓசையும் பொருளும் எத்துணை நெருங்கியுள்ளன! அவ்வைந்து வாயில்களுள் ஒன்றின் பெயர் ‘கிட்கி தர்வாஜா’. அதாவது சன்னல் வாயில்.

அரண்மனை வாயில்கள் அச்சத்தைப் பேசின. ஆயின் பிற்கால வாடாக்களின் முகப்புகள் அழகைப் பேசின. இரண்டாம் பாஜிராவ் 1807-இல் கட்டி முடித்த விசிராம்பாக் வாடாவின் தேக்குமர முகப்பை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். தெருவை நோக்கி நீண்டு நிற்கும் அதன் மேல்மாடமும், சவுக்கு மரம் போன்று செதுக்கிய தூண்களும் இன்றும் கண்ணைக் கவர்கின்றன. பேஷ்வா ஆட்சி வீழ்ந்தபின் 1821-இல் அவ்வீட்டில் சமஸ்கிருதப் பாடசாலை தொடங்கியது.

செல்வர் வாடாக்களை விடுத்து எளியோர் வாடாக்களைப் பார்த்தால் நம் உள்ளம் இன்னும் நெகிழும். தெருவோரம் ‘ஓட்டா’, அது நம் திண்ணை. உள்ளே ‘சௌக்’, அது நம் முற்றம். அதனைச் சுற்றி ‘ஓசரி’. அது நம் தாழ்வாரம். நடுவே துளசி மாடம். காவிரிக்கரையில் பிறந்தவரும் முட்டா ஆற்றங்கரையில் பிறந்தவரும் ஒரே வீட்டைத்தான் வெவ்வேறு சொற்களில் கட்டியிருக்கின்றனர். 17-ஆம் நூற்றாண்டில் ஏகோஜியோடு தஞ்சைக்குச் சென்ற மராத்தியர் அங்கே அந்நியமாக உணராததற்கும், பிற்காலத்தில் இங்கு வந்த நம் முன்னோர் அவ்வாறே உணராததற்கும் இவ்வொற்றுமையும் ஒரு காரணமாய் இருந்திருத்தல் கூடும்.

நாம் வந்த வழி

1871-இல் பம்பாயிலிருந்து வந்த இருப்புப்பாதையும் சென்னையிலிருந்து சென்ற இருப்புப்பாதையும் ராய்ச்சூரில் இணைந்தன. அவ்வழி புனே வழியாகவே செல்கிறது. படைத்துறை அலுவலகங்கள், கிர்க்கியின் வெடிமருந்துத் தொழிற்சாலை, இரயில்வே, கணக்குத் துறை ஆகியன நம்மவரை இங்கு அழைத்தன. 1950-இல் தேசிய இரசாயன ஆய்வகம் திறக்கப்பட்டது. 1954-இல் பிம்பிரியில் பெனிசிலின் தொழிற்சாலை எழுந்தது. பின்னர்ப் பெருந்தொழிற்சாலைகள் தொடர்ந்தன. ராஸ்தா பேட்டையில் தென்னாட்டார் குடியிருப்பு வளர்ந்தது. முதலில் வந்தவர் பலர் வாடாக்களில் ஓர் அறை, ஈரறை என்று வாடகைக்கு அமர்ந்தனர். ஓட்டாவில் அமர்ந்து மராத்தி கற்றனர். சௌக்கில் மராத்தி மாது ரங்கோலி இட, நம் தாய்மார் பக்கத்தில் கோலமிட்டனர். எந்தப் பள்ளியிலும் சேராமல் மொழி கற்ற பாட்டிமாருக்குத் திறந்த வாசலே பள்ளிக்கூடம்.

ஆயின் அவ்வாழ்வைப் பொற்காலம் என்று போற்றுவதும் பொருந்தாது. 1947-ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியிருந்தோரைக் காத்தது. ஆனால் உயராத வாடகையில் வீட்டுக்காரர்கள் பழுது பார்க்க முன்வரவில்லை. மரம் கறையானுக்கு இரையாயிற்று. மழைநீரில் ஊறிய சன்னல் கதவுகள் ஆடியில் உப்பி மூட மறுத்தன; சித்திரையில் சுருங்கி இடைவெளி விட்டன. பல குடும்பங்களுக்கு ஒரே குழாய், ஒரே கழிப்பிடம். இத்துன்பங்களை மறந்து ஓட்டாவின் இன்பத்தை மட்டும் பாடுதல் நேர்மையாகாது.

1961: ஒரு வெள்ளமும் ஒரு விதிநூலும்

1961-ஆம் ஆண்டு ஜூலை 12-ஆம் நாளைப் புனேவாசிகள் மறவார். அன்று பான்ஷேத் அணை உடைந்தது. அவ்வெள்ளத்தின் வேகத்தில் கடக்வாஸ்லா அணையும் தகர்ந்தது. முட்டா ஆற்றங்கரையை ஒட்டிய பழம்பேட்டைகளில் வாடாக்கள் பல மண்ணோடு மண்ணாயின. நிலையும் கதவும் நீரில் மிதந்து சென்றன. வீடிழந்தோர்க்குப் புதுக் குடியிருப்புகள் எழுந்தன. நகரம் ஆற்றைவிட்டு விலகி நாற்புறமும் விரிந்தது. 1960-இன் கூட்டுறவுச் சங்கச் சட்டமும், 1963-இன் அடுக்குமனை உரிமைச் சட்டமும் மாடிமேல் மாடி கட்டி ஆளுக்கொரு வீடு சொந்தமாக்கும் முறைக்கு வழிவகுத்தன. நம்மைப் போன்றோரின் காலனிகளும் அக்காலத்துக்குப் பின் பெருகியவையே.

புது வீடுகளுக்கு மரம் கட்டுபடியாகவில்லை. ஆகவே இரும்புச் சன்னல் வந்தது. இங்கிலாந்தில் 1884-இல் கிரிட்டால் என்பார் தொடங்கிய உலோகச் சன்னல் தொழில், நம் நாட்டிலும் வேர்விட்டிருந்தது. மெல்லிய இரும்புச் சட்டம், அதில் மக்கு வைத்துப் பதித்த கண்ணாடி, வெளிப்புறம் திறக்கும் கதவு, அதனை நிறுத்தத் துளையிட்ட கம்பி. இதுவே இரண்டு தலைமுறைக்கு நம் சன்னலாய் இருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை வர்ணம் அடிக்காவிடில் துரு அதனைத் தின்றது. புனேயின் நான்கு மாத மழை அத்துருவுக்குத் துணை நின்றது.

இங்கு ஒரு செய்தி குறிப்பிடத் தக்கது. அணை உடைந்த அதே 1961-ஆம் ஆண்டில் இந்தியத் தர நிறுவனம் அலுமினியக் கதவு, சன்னல்களுக்கான தரவிதிநூலை வெளியிட்டது. எனவே, அலுமினியச் சன்னல் எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பதை நாடு அன்றே எழுதி வைத்துவிட்டது. எனினும் அச்சன்னல் நடுத்தரக் குடும்பத்தின் வீட்டை அடைய ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஆயின. ஏன் இத்தாமதம்? விடை காண அவ்வுலோகத்தின் வரலாற்றைச் சிறிது அறிதல் வேண்டும்.

செம்மண்ணில் பிறந்த வெள்ளை உலோகம்

மண்ணில் மிகுதியாகக் கிடைக்கும் உலோகம் அலுமினியம். எனினும் மனிதன் அதனைப் பிரித்தெடுத்தது 19-ஆம் நூற்றாண்டில்தான். அந்நாளில் அது அரும்பொருளாய் மதிக்கப்பட்டது. 1884-இல் அமெரிக்கர் தம் வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியில் ஏறத்தாழ 100 அவுன்சு எடையுள்ள அலுமினியக் கூம்பைப் பெருமையுடன் பொருத்தினர். இரண்டே ஆண்டுகளில், 1886-இல், அமெரிக்காவில் ஹால் என்பவரும் பிரான்சில் எரூ என்பவரும் ஒருவரையொருவர் அறியாமலே மின்சாரத்தால் அதனைப் பிரிக்கும் முறையைக் கண்டனர். அதன்பின் விலை சரிந்தது.

இந்தியாவில் அதன் தொடக்கம் நம் சென்னையோடு பிணைந்தது என்பது நமக்கெல்லாம் மகிழ்ச்சி தரும் செய்தி. சென்னைக் கலைத்தொழில் பள்ளியின் தலைவராயிருந்த ஆல்பிரட் சாட்டர்டன் 1898-இல் அங்கே அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கினார். செம்பும் பித்தளையும் தட்டிய கன்னார்களுக்குப் புதுத் தொழில் காட்டுவது அவர் எண்ணம். தகடு கடல்கடந்து வந்தது, கைகள் நம்முடையவை. 1903-இல் அத்தொழில் தனியார் வசம் சென்றது. உலோகத்தையே நம் நாட்டில் உருக்கி எடுத்தது 1943-இல். கேரளத்து ஆலுவாயை அடுத்த அலுபுரத்தில். பின்னர் 1962-இல் வடநாட்டு ரேணுகூட்டிலும், 1965-இல் நம் மேட்டூரிலும் உலைகள் இயங்கத் தொடங்கின. ஏற்காடு அமைந்த சேர்வராயன் மலையின் செம்மண்ணே மேட்டூருக்கு மூலப்பொருள். மேட்டூரின் உலைகள் 2008-இல் நின்றுவிட்டன. மகாராஷ்டிரத்திலும் கோலாப்பூர் மாவட்டத்து மலைமேடுகளில் இதே மூலமண் கிடைக்கிறது. பிறந்த நாட்டு மண்ணும் புகுந்த நாட்டு மண்ணும் ஒரே உலோகத்தை ஈன்றன என்பதை நினைக்க நெஞ்சம் இனிக்கின்றது.

ஆனால் இவ்வுலோகம் மின்சாரத்தைக் கோரும் உலோகம். ஏறத்தாழ 4 டன் மூலமண்ணிலிருந்து 1 டன் உலோகம் கிடைக்கும். அந்த 1 டன்னுக்கு 14,000 யூனிட்டுக்கும் மேற்பட்ட மின்சாரம் செலவாகும். மின்சாரம் அரிதாயிருந்த அக்காலத்தில் நாட்டுக்கு முதற்றேவை ஊர்தோறும் மின்கம்பி இழுப்பதே. அக்கம்பியோ அலுமினியம். ஆகவே 1970-ஆம் ஆண்டின் அலுமினியக் கட்டுப்பாட்டு ஆணை, அதன் விலையையும் பங்கீட்டையும் அரசின் கையில் வைத்து, உற்பத்தியில் பாதியை மின்கம்பித் தரத்துக்கு ஒதுக்கச் செய்தது. நம் சிற்றூர்களில் விளக்கு எரிவதற்காக நம் வீட்டுச் சன்னல் காத்திருந்தது எனலாம். அது வருந்தத்தக்கதன்று, முறையானதே. 1989-இல் அக்கட்டுப்பாடு நீங்கியது. பொருள் தாராளமாகக் கிடைத்தது. 1990-களில் புனேயில் தகவல் தொழில்நுட்ப அலுவலகங்களும் அடுக்குமாடிகளும் பெருகிய காலத்தில், அலுமினியச் சன்னல் அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு இறங்கி வந்தது. 2000-த்தில் திருப்பெரும்புதூரில் சமதளக் கண்ணாடிப் பெருந்தொழிற்சாலை தொடங்கியது. சட்டமும் கண்ணாடியும் நம் நாட்டிலேயே எளிதிற் கிடைக்க, வீதிதோறும் சட்டம் அறுத்துப் பொருத்தும் பட்டறைகள் தோன்றின.

சன்னல் உருவாகும் விதம்

முறுக்கு அச்சில் மாவு பிழியும் தாய்மாருக்கு இத்தொழிலை விளக்கப் பெரும் சொற்கள் வேண்டா. அலுமினியத்தோடு சிறிது மக்னீசியமும் சிலிக்கனும் கலந்த உருளையை ஏறத்தாழ 450 முதல் 500 பாகை வரை சூடேற்றுவர். அது உருகாது, ஆனால் இளகும். அதனைப் பெரும் எந்திரத்தால் எஃகு அச்சின் வழியே அழுத்துவர். அச்சின் துளை எவ்வடிவமோ அவ்வடிவத்தில் நீண்ட சட்டம் வெளிவரும். தடம், பள்ளம், கண்ணாடி அமரும் இடம் யாவும் ஒரே பிழிவில் அமைந்துவிடும். பின்னர் நீட்டி நிமிர்த்தி, மிதமான சூட்டில் சில மணிநேரம் வைத்து வலுவேற்றுவர். மேலே அமிலநீரில் மின்சாரம் பாய்ச்சி ஒரு காப்புப் படலத்தை வளர்ப்பர். அன்றேல் வர்ணப்பொடி தூவிச் சூடேற்றி ஒட்டவைப்பர். நீர்விமானங்களின் உறுப்புகளைக் கடலுப்பிலிருந்து காக்க 1923-இல் இங்கிலாந்தில் கண்ட முறையின் வழிவந்ததே அக்காப்புப் படலம்.

நகரும் சன்னலில் வெளிச்சட்டம், அதன் தடத்தில் ஓடும் கண்ணாடிக் கதவுகள், கதவின் அடியில் சிறு உருளைகள், கதவுகள் சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று பற்றும் ‘இன்டர்லாக்’, தூசியைத் தடுக்கும் மயிரிழைப் பட்டை ஆகியன உள்ளன. இரு தடம் எனில் கண்ணாடி மட்டும். மூன்று தடம் எனில் கொசுவலைக் கதவும் சேரும். அடித்தடத்தில் வெளிநோக்கிய சிறு துளைகள் இருத்தல் இன்றியமையாதது. தடத்தில் தேங்கும் மழைநீர் அவற்றின் வழியே வெளியேறும். எம் வீட்டில் பொருத்திய சன்னலில் அத்துளைகளை இடப் பட்டறையார் மறந்தனர். முதல் மழையிலேயே கூடம் குளமாயிற்று. துளையிட்டபின் ஒரு துளி நீரும் உள்ளே வரவில்லை. ஆகவே அன்பர்கள் சன்னல் வாங்குங்கால் பளபளப்பைப் பார்ப்பதற்குமுன் இத்துளைகளைப் பார்த்தல் நலம்.

பெற்றதும் இழந்ததும்

இச்சன்னலால் நாம் பெற்ற நன்மைகள் பல. துரு இல்லை, கறையான் இல்லை, மழையில் உப்புவதில்லை. திறக்கும்போது காற்றில் மோதி உடைவதில்லை. குறுகிய அறையில் இடத்தை அடைப்பதில்லை. பழையதானபின் உருக்கி மீண்டும் வார்த்தால் முதன்முறை செலவான ஆற்றலில் ஏறத்தாழ 5 விழுக்காடே போதும். காட்டுத் தேக்கை வெட்டாமல் சன்னல் கிடைப்பதும் சிறு நன்மையன்று.

குறைகளும் உள. கீலில் திறக்கும் சன்னல் முழுதும் திறக்கும். இரு கதவுள்ள நகரும் சன்னலோ பாதியே திறக்கும். 1970-இல் வெளிவந்த தேசியக் கட்டட விதித்தொகுப்பு, வறண்ட வெப்பப் பகுதிகளில் அறையின் தரைப்பரப்பில் பத்தில் ஒரு பங்கும், ஈரம் மிகுந்த வெப்பப் பகுதிகளில் ஆறில் ஒரு பங்கும் திறப்பு வேண்டும் என்றது. 120 சதுர அடி அறைக்கு ஆறில் ஒரு பங்கு என்றால் 20 சதுர அடி. அந்த அளவில் நகரும் சன்னலை வைத்துவிட்டு நாம் நிறைவடைகிறோம். காற்று வருவதோ 10 சதுர அடியில்தான். காலதர் என்ற சொல்லின் முற்பாதி அங்கே குறைகிறது. பால்கனியையும் அடைத்துவிட்டால் உள்ளறைக்கு வரும் காற்று இரண்டு சன்னல்களைக் கடந்தல்லவோ வரவேண்டும்!

ஆயின் எம் உள்ளத்தை உறுத்துவது காற்றின் குறையன்று. எங்கள் கட்டடத்தின் முதல் மாடியில் ஒரு பாட்டியம்மாள் இருந்தார். தஞ்சை மாவட்டத்தில் பிறந்து, மணமாகி இங்கு வந்து, 60 ஆண்டுகள் இந்நகரில் வாழ்ந்தவர். மாலை நான்கு மணிக்குமேல் பால்கனியில் முக்காலி போட்டு அமர்வார். கீழே செல்லும் குழந்தைகளிடம், “ஏண்டா, பரீட்சை எப்படி எழுதினே?” என்பார். காய்கறி வண்டிக்காரரிடம் மராத்தியில் விலை பேசுவார். எதிர்க்கட்டடத்து மராத்தி மூதாட்டி, “காய் ஆஜி, ஜேவண் ஜாலே கா?” என்று கேட்க, இவர் உண்டதைச் சொல்வார். அந்தப் பால்கனியே அவருடைய திண்ணை. பேரனின் படிப்புக்காக அதனைக் கண்ணாடியிட்டு அடைத்தார்கள். அதில் யார்மீதும் குறை சொல்ல இடமில்லை. பிள்ளைக்கு அறை வேண்டியிருந்தது. பாட்டியம்மாள் உள்ளே போனார். மகனும் மருமகளும் வெளியூர் சென்றிருந்த ஒரு வாரத்தில், பேரன் கல்லூரிக்குச் சென்ற பகற்பொழுதில், அவர் வழுக்கி விழுந்து எழ இயலாமற் கிடந்தார். பேரன் இரவில் வந்து பார்க்கும்வரை எவருக்கும் தெரியவில்லை. நாம் அன்று மாலை மூன்றுமுறை அவ்வழியே சென்றோம். மேலே நோக்கவே இல்லை. மூடிய கண்ணாடியை யார்தாம் நிமிர்ந்து நோக்குவர்? முன்பு போல் முக்காலி அங்கே இருந்திருந்தால், “பாட்டியைக் காணோமே” என்று நான்கு மணிக்கே ஒரு குழந்தை கேட்டிருக்கும். அவர் நலம் பெற்று எழுந்தார். அது இறைவன் அருள். ஆனால் அந்நிகழ்ச்சி எமக்கு ஒரு பாடமாயிற்று. ஏனெனில் எம் வீட்டுப் பால்கனியையும் நாம் அடைத்திருந்தோம்.

பலகணி என்ற சொல்லுக்கு இரு பக்கமும் பொருள் உண்டு. உள்ளிருப்பவர் வெளியே காண்பது மட்டுமன்று. வெளியே செல்பவர் உள்ளிருப்பவர் இருக்கிறார் என்று காண்பதும் அதனுள் அடங்கும். திண்ணை அதனைச் செய்தது, ஓட்டா செய்தது, திறந்த பால்கனி செய்தது. பேஷ்வாக்களின் பெருங்கதவிலுங்கூட ஒரு திட்டிவாசல் விடப்பட்டிருந்தது.

செய்யத் தக்கது யாது?

பழைய மரச் சன்னலுக்குத் திரும்புவோம் என்று நாம் கூறவில்லை. ஒவ்வொரு தலைமுறையும் தன் காலத்துப் பொருளால் தன் வீட்டைக் கட்டிக்கொண்டது. தேக்கு போய் இரும்பு வந்தது. இரும்பு போய் அலுமினியம் வந்தது. இப்போது பிளாஸ்டிக் சட்டங்களும் வந்துவிட்டன. பொருளின்மீது பழி இல்லை. உண்மையில், கீலில் ஆடும் கதவைவிட நகரும் கதவே திறந்து வைப்பதற்கு எளியது. அது காற்றில் அடித்துக்கொள்ளாது, வழியை மறிக்காது. மூடி வைப்பது சன்னலின் குணமன்று, நம் வழக்கமே.

எனவே அன்பர்களுக்குச் சில கருத்துகளைப் பணிவுடன் முன்வைக்கிறோம். புதுச் சன்னல் அமைப்போர் மூன்று தடத்தில் மூன்று கதவாக அமைத்தால் மூன்றில் இரு பங்கு திறக்கும். முற்றும் திறக்க வேண்டிய இடத்தில் கீல் வைத்த அலுமினியக் கதவே தகும். தாழ்வான சன்னலில் குழந்தைகளுக்காகக் கம்பித் தடுப்பு இருத்தல் வேண்டும். அத்தடுப்பிலும் ஆபத்துக் காலத்தில் வெளியேறத் திறக்கும் ஒரு பகுதி இருத்தல் வேண்டும். பால்கனியை அடைப்பது தவிர்க்க முடியாததாயின், மேற்பகுதியை மட்டும் அடைத்து, ஒரு முக்காலிக்கு இடம்விட்டு, மாலையில் திறந்து வைக்கும் வழக்கத்தை விடாதிருத்தல் நலம். பழைய வீட்டுத் தேக்கு நிலையும் கதவும் வைத்திருப்போர் அவற்றைப் பழம்பொருள் சந்தைக்கு அனுப்புமுன் ஒருமுறை சங்கத்துக்குத் தெரிவிக்கலாம். நம் நூலகத்துக்கு ஒரு நல்ல வாசல் அமையும்.

எம் வீட்டில் இப்போது மாலை நான்கு மணிக்குப் பால்கனிச் சன்னலின் கதவுகளை ஓரமாகத் தள்ளி வைக்கிறோம். முதல் மாடியிலும் அவ்வாறே செய்கின்றனர். பாட்டியம்மாளின் முக்காலி பேரனின் மேசைக்கு அருகில் மீண்டும் இடம் பெற்றுவிட்டது. அவன் படிப்புக்கு அது இடையூறு என்று அவன் சொன்னதில்லை.

புகுந்த நாட்டில் நாம் வேரூன்றியது மூடிய கதவுகளுக்குப் பின்னால் அன்று. ஓட்டாவிலும் சௌக்கிலும் திறந்த வாசலிலுமே. நம் பிள்ளைகளும் அவ்வாறே அயலாரை அறிந்து வளரட்டும். காற்றும் குரலும் நம் இல்லங்களில் தடையின்றி உலவட்டும். வாழ்க நம் சங்கம்! வளர்க தமிழ்! வாழிய நம்மை வாழவைத்த புனே மாநகர்!